கிடப்பில் போட்ட ஃபைபர் படகை மீட்டெடுப்பது: புதியவர்கள் கேட்கும் கேள்விகள்

தமிழகக் கடற்கரையில் எந்த ஊருக்குப் போனாலும், மணலில் கவிழ்ந்து வெயிலில் வெளுத்துக் கிடக்கும் ஃபைபர் வள்ளம் ஒன்றாவது கண்ணில் படும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இழந்த கட்டுமரங்களுக்கும் மரவள்ளங்களுக்கும் பதிலாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்திறங்கின. அவசரத்தில் வார்க்கப்பட்டவை பல. கனமும் தரமும் ஒன்றுபோல் இருக்காது. அவற்றில் மிஞ்சியவை இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டன. அப்படியொரு படகையும், அதன் பின்னால் தொங்கும் 8 முதல் 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டாரையும் முதன்முறையாகச் சீர்செய்ய நினைப்பவர்களுக்கான பக்கம் இது. லாங்டெயில் (நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லர் உள்ள) டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு உடற்பகுதி பற்றிய பதில்கள் மட்டும் பொருந்தும்.

படகு தேறுமா தேறாதா என்று வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் ஒரு ரப்பர் சுத்தியல், ஒரு டார்ச், ஒரு கூர்மையான ஸ்க்ரூடிரைவர் போதும். முதலில் மோட்டார் மாட்டும் பின்பலகையை (டிரான்சம் என்பார்கள்) தட்டுங்கள். உள்ளே இருக்கும் பிளைவுட் நன்றாக இருந்தால் ஓசை கணீரென்று வரும். ‘தொப்’ என்று அமுங்கி வந்தால் மரம் ஊறி உளுத்திருக்கிறது. மோட்டார் மாட்டியிருந்தால் அதன் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பின்பலகை மோட்டாரோடு சேர்ந்து அசைந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். சந்தேகமாக இருந்தால், உரிமையாளர் சம்மதத்தோடு உட்புறமாக, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் 4 மி.மீ. துளை ஒன்று போட்டுப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்த, ஈரமான, புளித்த வாடையடிக்கும் தூள் வந்தால் தெரிந்துவிடும்.

அடுத்து ஏராவை (படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் பகுதி) பாருங்கள். தினமும் மணலில் இழுத்து ஏற்றிய படகில் முதலில் தேய்வது ஏராவும் அணியத்தின் (முன்முனையின்) அடியும்தான். ஜெல்கோட் (வெளிப்புற வழவழப்புப் பூச்சு) போய் உள்ளிருக்கும் நார் மயிர்போல் வெளியே நின்றால், அந்த வழியாக நீர் உறிஞ்சப்பட்டிருக்கும். பிறகு தளத்தின் மீது ஏறி நடங்கள். பஞ்சுபோல் அமுங்கும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள்.

ஓட்டையைக் கண்டு பயப்படாதீர்கள். கையகல ஓட்டை இரண்டு நாள் வேலை. உளுத்த பின்பலகை, நீர் ஊறிய மிதவை நுரை, இறுகிப்போன மோட்டார் ஆகிய மூன்றும் ஒரே படகில் சேர்ந்திருந்தால் புதியவர் அதைத் தொடாமல் விடுவதே நல்லது. மூன்றில் ஒன்று மட்டும் என்றால் துணிந்து வாங்கலாம்.

ஆவணத்தில் என்ன பார்க்க வேண்டும்?

மீன்பிடிப் படகு என்றால் மீன்வளத் துறையில் பதிவான எண், உரிமையாளர் பெயர், மோட்டாரின் வரிசை எண் மூன்றும் பொருந்த வேண்டும். மோட்டாரின் எண் அதைப் பலகையில் மாட்டும் கவ்வியின் பக்கத்தில் தகட்டில் இருக்கும். தகடு பிடுங்கப்பட்ட மோட்டாரை வாங்காதீர்கள். ஏரி, ஆறு போன்ற உள்நாட்டு நீர்வழியில் ஓட்டுவதாக இருந்தால் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு வேறு. மீன்பிடிப் படகுகளுக்கு மாநிலவாரியாக நிற விதியும் உண்டு. பெயின்ட் வாங்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வேலையை முதலில் தொடங்குவது?

எல்லோரும் பெயின்டில் தொடங்குகிறார்கள். பாதியில் நின்றுபோகும் வேலைகளில் பெரும்பாலானவை அதனால்தான் நிற்கின்றன. ஈரத்தை உள்ளே வைத்து மேலே பூசினால் ஆறு மாதத்தில் கொப்பளித்து உரியும். செய்த வேலையையே மறுபடி செய்ய வேண்டிவரும்.

சரியான வரிசை இது: காலி செய்தல், நல்ல தண்ணீரில் கழுவுதல், உலர்த்துதல், பின்பலகை, தளம், வெளி ஓட்டைகள், பிறகு பூச்சு. படகு காயும் நாட்களில் மோட்டாரைத் தனியே கழற்றி வைத்துப் பாருங்கள். மோட்டார் தேறாது என்று தெரிந்தால் உடற்பகுதிக்குச் செலவழிக்கும் முன்பே முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

காலமும் முக்கியம். கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; அப்போது ரெசின் (ஃபைபர் நாரை இறுக்கிப் பிடிக்கும் பிசின்) வேலை கூடாது. பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடிப்பது உத்தமம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்ப்புக்காகக் கரையேறும் நேரம் அது. ஃபைபர் வேலைக்காரரும் கிடைக்கமாட்டார், மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார்.

படகு காய்ந்துவிட்டது என்பதை எப்படி உறுதிசெய்வது?

மேல் தோல் ஒரே நாளில் காய்ந்துவிடும். உள் அடுக்கு காய வாரங்கள் ஆகும். முதலில் உப்பைப் போக்க வேண்டும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், மூன்று நான்கு முறையாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிறகு அணியம் சற்று உயர்ந்திருக்கும்படி கட்டைகள் மேல் வைத்து, வடிகுழியைத் திறந்து விடுங்கள். மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் வேண்டும். தார்ப்பாயைப் படகோடு ஒட்டப் போர்த்தினால் உள்ளே வியர்த்து மறுபடி ஊறும்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நிறமற்ற பிளாஸ்டிக் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி பூத்தால் இன்னும் காயவில்லை. ஏரா, பின்பலகையின் அடி, தேய்ந்த இடம் என மூன்று இடங்களில் ஒட்டிப் பாருங்கள்.

தளத்துக்கு அடியில் நுரை இருக்கிறது. எடுக்க வேண்டுமா?

ஒரு கைப்பிடி வெட்டியெடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் முழுவதையும் எடுத்துவிடுங்கள். ஊறிய நுரை மிதக்க வைக்காது. படகுக்குச் சுமையாகத்தான் இருக்கும். மாற்றாகத் தெர்மகோலை வைத்து அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசாதீர்கள். ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துவிடும். பெட்ரோல் பட்டாலும் அதே கதிதான். மூடிய அறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரையே சரி. தளத்துக்கு அடியில் தண்ணீர் தேங்காமல் வடிவதற்கு ஒரு கால்வாயும் விடுங்கள். பழைய படகில் நுரை ஊறியதற்குக் காரணமே பெரும்பாலும் அந்த வழி இல்லாததுதான்.

பின்பலகையை நானே மாற்ற முடியுமா?

முடியும். இந்த வேலை முழுவதிலும் அதிகப் பொறுமை கேட்பது இதுதான், அவசரப்பட்டால் ஆபத்தாவதும் இதுதான். உட்புறமாகச் செய்யுங்கள், வெளித்தோல் அப்படியே இருந்தால் படகின் வடிவம் மாறாது.

உள்தோலை, ஓரத்தில் 5 செ.மீ. விளிம்பு விட்டு, கிரைண்டரால் வெட்டி எடுங்கள். ஊறிய மரத்தை உளியால் பெயர்த்து, வெளித்தோலின் உட்பக்கத்தை 40-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிக் காயவிடுங்கள். அட்டையில் அளவு எடுத்து, ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டில் 18 மி.மீ. பலகை இரண்டு வெட்டுங்கள். தோல்களோடு சேர்ந்து கனம் 40 மி.மீ. சொச்சம் வரும், உங்கள் மோட்டார் கவ்வியின் வாய் அதற்கு இடம் தருகிறதா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

பலகைகளின் எல்லாப் பக்கத்திலும், குறிப்பாக அறுத்த விளிம்பில், ரெசினைப் பூசி உறிஞ்சவிடுங்கள். இரண்டு பலகைக்கும் இடையிலும், வெளித்தோலுக்கும் முதல் பலகைக்கும் இடையிலும் ரெசினில் நனைத்த 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி நார் விரிப்பு) ஓர் அடுக்கு வைத்துக் கவ்வியால் இறுக்குங்கள். ஓரம் முழுக்க ரெசின் பிதுங்கி வர வேண்டும். பிதுங்காத இடத்தில் காற்று இருக்கிறது என்று பொருள். நாளை அங்கேதான் தண்ணீர் சேரும். இறுகிய பின் மூலைகளில் பட்டி வைத்து விரல் வளைவாக உருட்டுங்கள். செங்கோண மூலையில் மேட் படியாது. அதன்மேல் மேட் மூன்று நான்கு அடுக்கு, படகின் பக்கச்சுவர் மீது 15 செ.மீ. வரை ஏறும்படி ஒட்டுங்கள்.

பழைய பலகை உளுத்தது எங்கிருந்து என்று பார்த்தால், பெரும்பாலும் போல்ட் துளையிலிருந்துதான் தொடங்கியிருக்கும். ஆகவே 12 மி.மீ. போல்டுக்கு நேராக 12 மி.மீ. துளை போடாதீர்கள். 20 மி.மீ. துளை போட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்சியால் அடைத்து, அது இறுகிய பின் நடுவில் 12 மி.மீ. துளையுங்கள். தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. வடிகுழிக்கும் இதையே செய்யுங்கள். போல்டுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். சிலிகான் வேண்டாம், அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, ஜெல்கோட்டும் ஒட்டாது.

ஓட்டை அடைக்க எவ்வளவு மேட், எவ்வளவு ரெசின் வாங்க வேண்டும்?

450 கிராம் மேட் ஓர் அடுக்கு, இறுகிய பின் ஏறத்தாழ 1 மி.மீ. கனம் தரும். உங்கள் படகின் ஓரம் 6 மி.மீ. என்றால் ஆறு அடுக்கு. மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். ஒரு சதுர மீட்டர் ஓரடுக்குக்கு 1 கிலோ சொச்சம். ஆறு அடுக்குக்கு 6 முதல் 7 கிலோ. வீணாவதற்கு இன்னொரு கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டையைச் சுற்றிச் சரிவாகத் தேய்ப்பதில்தான் ஒட்டின் பலம் இருக்கிறது. பழைய ஃபைபரும் புதிய ரெசினும் ரசாயனமாகச் சேராது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும்: 6 மி.மீ. ஓரத்துக்கு ஓட்டையைச் சுற்றி 72 மி.மீ. தேய்த்த இடத்தை அசிட்டோனால் துடைத்து, அது முழுக்க ஆவியான பின் ஒட்டத் தொடங்குங்கள். பெரிய துண்டு முதலில், சிறியது பிறகு. உருளையால் காற்றுக்குமிழியை வெளியே தள்ளுங்கள். ஒரே மூச்சில் மூன்று அடுக்குக்கு மேல் போனால் சூடேறி வெடிப்பு விடும்.

கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) எவ்வளவு?

1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. வெயில் ஏறிய நாளில் 10 மி.லி. போதும், அதற்குக் கீழே போகாதீர்கள், உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். பதினைந்து இருபது நிமிடத்தில் ஜெல்லி ஆகிவிடும். வாளியில் மீந்தது கொதித்துப் புகையும். மீந்ததைத் திறந்த வெளியில் மணல் மீது வையுங்கள்.

இனி சொல்வதை மறக்கவே கூடாது. நம் கடைகளில் கோபால்டும் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) கேட்டலிஸ்டும் தனித்தனிக் குப்பியில் வரும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கும். கோபால்டைக் கடையிலேயே ரெசினில் கலந்து வாங்கிவிடுங்கள். வீட்டில் உங்கள் கையில் கேட்டலிஸ்ட் மட்டும் இருக்கட்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். கண்ணாடி அணியாமல் குப்பியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். தேய்க்கும்போது தூசிக்கான முகமூடி, ஒட்டும்போது ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகமூடி, எப்போதும் முழுக்கைச் சட்டை.

இறுகிய பிறகும் மேல்பரப்பு பிசுபிசுக்கிறது. தவறு செய்துவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. பாலியெஸ்டர் ரெசின் காற்றுப்படும் மேல்பரப்பில் முழுதாக இறுகாது. அது அதன் இயல்பு. அடுத்த அடுக்கு ஒட்ட அந்தப் பிசுபிசுப்பு நல்லதே. கடைசி அடுக்கிலும் ஜெல்கோட்டிலும் மட்டும் மெழுகுக் கரைசல் கலந்த ரெசின் பூசுங்கள், அல்லது வழவழப்பான பிளாஸ்டிக் தாளை மேலே படியவிட்டுக் காற்றை அடையுங்கள். மெழுகு கலந்ததன் மேல் மறுபடி ஒட்ட வேண்டுமானால் தேய்த்த பிறகே ஒட்ட வேண்டும். நகத்தால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் அது வேறு. கேட்டலிஸ்ட் குறைவு அல்லது ஈரம். சுரண்டி எடுத்து மறுபடி செய்வதைத் தவிர வழியில்லை.

எபாக்சி நல்லதா, பாலியெஸ்டரா?

எபாக்சி பிடிப்பில் பலசாலி, விலை பல மடங்கு. போல்ட் துளை, விரிசல் போன்ற சிறு இடங்களுக்கு எபாக்சி, பரப்புக்குப் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் மேல் எபாக்சி பிடிக்கும். எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. சாதாரண மேட்டில் இருக்கும் பசை எபாக்சியில் கரையாது. எபாக்சிக்கு நெய்த துணியை வாங்குங்கள்.

அடிப்புறம் முழுக்கச் சிறு கொப்புளங்கள் இருக்கின்றன.

ஒன்றைக் குத்திப் பாருங்கள். வினிகர்போல் புளித்த வாடையுள்ள நீர் வந்தால் ஜெல்கோட் வழியே ஊறிய நீர் உள்ளே ரெசினைச் சிதைத்திருக்கிறது. பத்து இருபது கொப்புளம் என்றால் ஒவ்வொன்றையும் திறந்து, கழுவி, காயவைத்து, எபாக்சிப் பட்டியால் நிரப்புங்கள். அடிப்புறம் முழுக்க என்றால் ஜெல்கோட்டையே எடுக்க வேண்டும். அது முதல் படகில் எடுத்துக்கொள்ளும் வேலையல்ல.

மோட்டார் கயிறு இழுத்தால் அசையவே இல்லை.

பலம் காட்டாதீர்கள், கயிறு அறுவதோடு போனால் லாபம், கனெக்டிங் ராடு வளைந்தால் நட்டம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் சில ஸ்பூன் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். தீப்பொறி பக்கத்தில் வேண்டாம். பிறகு ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் மட்டும், மெல்ல ஆட்டுங்கள். எதிர்ச்சுற்றில் திருப்பினால் அடியில் குளிர்நீரைத் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் மடங்கி முறியும். கடலில் மூழ்கிய மோட்டாரை அப்படியே மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்தார்கள் என்றால் விட்டுவிடுங்கள். பேரிங்கெல்லாம் துரு தின்றிருக்கும்.

மோட்டாருக்குச் செலவழிக்கலாமா என்பதை எது முடிவுசெய்யும்?

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். மெக்கானிக்கிடம் அளவுமானி இரவல் வாங்கி, எல்லாப் பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து, நான்கைந்து முறை வேகமாகக் கயிறு இழுங்கள். இக்னிஷன் வயர்களை எர்த் செய்துவிடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்குமேல் வித்தியாசம் வந்தால் ஒன்றில் ரிங்கோ சுவரோ போய்விட்டது. அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங் தேய்மானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து கியர் ஆயில். அடிக்காலில் இரண்டு திருகு இருக்கும். கீழ்த்திருகை முதலில், மேல்திருகைப் பிறகு திறந்து வடியுங்கள். பால்போல் வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. திருகின் காந்தத்தில் பசைபோல் ஒட்டிய மாவு இயல்பு. சில்லுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. நிரப்பும்போது கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும் வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைத்துப் பாதிதான் நிரம்பும். வாஷர் இரண்டும் புதிதாக இருக்கட்டும்.

இம்பெல்லர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

கட்டாயம். கிடந்த மோட்டாரில் அதன் இதழ்கள் வளைந்த நிலையிலேயே விறைத்திருக்கும், தண்ணீரைத் தள்ளாது. மாற்றும்போது தண்டில் இருக்கும் சிறு சாவித்துண்டைத் தொலைக்காதீர்கள். புதியதற்குக் கொஞ்சம் கிளிசரின் தடவி, தண்டைக் கடிகாரச் சுற்றில் சுழற்றிக்கொண்டே உறையை இறக்குங்கள். இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால் துண்டுகளைத் தேடி எடுக்கும் வரை ஓயாதீர்கள். அவை மேலே போய்க் குளிர்நீர்ப் பாதையை அடைத்திருக்கும்.

மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் சில விநாடிகூட ஓட்ட வேண்டாம். பெரிய டிரம்மில், குளிர்நீர் உறிஞ்சும் வாய்கள் மூழ்கும் அளவு தண்ணீர் நிரப்பி ஓட்டுங்கள். பின்புறம் மெல்லிய நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். அந்தச் சிறு துளையில் உப்போ குளவிக்கூடோ அடைத்திருப்பதும் சகஜம். முதலில் அதைக் குத்திப் பாருங்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, உடனே நின்றுவிடுகிறது.

கார்புரேட்டர். பழைய பெட்ரோல் காய்ந்து ஜெட்டில் கோந்தாகியிருக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். தூண்டில் நைலான் நரம்பு சரியான கருவி. கிளீனர் தெளித்து ஊதுங்கள். எரிபொருள் பம்ப்பின் டயாஃப்ரம், பழைய ஓஸ், கைப்பம்பு மூன்றையும் மாற்றுங்கள். கைப்பம்பின் மேலுள்ள அம்பு மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய ஓஸின் ரப்பரையும் அது இளக்கிவிடும். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலை விடாதீர்கள். ஆயில் டிசி-டபிள்யூ3 என்று போட்ட அவுட்போர்ட் ஆயிலாக இருக்க வேண்டும். பைக்கின் 2டி ஆயில் நீரில் குளிரும் மோட்டாருக்கு உரியதல்ல. மோட்டாரின் கையேடு 50:1 என்று சொன்னால் லிட்டருக்கு 20 மி.லி.; 24 லிட்டர் டேங்குக்கு 480 மி.லி.

மோட்டாரை எந்த உயரத்தில் மாட்டுவது?

புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓரங்குலம் கீழாகவோ வர வேண்டும். அதிகம் மேலே போனால் வளைவில் காற்றை இழுத்து வெறுமனே சுழலும். அதிகம் கீழே போனால் எரிபொருள் தின்னும். குட்டைக்கால் மோட்டாருக்கு 15 அங்குலம், நெட்டைக்காலுக்கு 20 அங்குலம் பின்பலகை உயரம். கவ்வித் திருகை மட்டும் நம்பாமல் போல்ட் போட்டு, படகோடு ஒரு பாதுகாப்புக் கயிறும் கட்டுங்கள். மோட்டார் அரிக்காமல் இருக்க அதில் மாட்டியிருக்கும் துத்தநாகத் துண்டு பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது, அதற்குப் பதில் மோட்டாரின் அலுமினியம் கரையும்.

அடியில் பாசி தடுக்கும் பெயின்ட் தேவையா?

தினமும் கரையேற்றும் படகுக்குத் தேவையில்லை. நீரிலேயே நிற்கும் படகுக்குத் தேவை. செம்பு கலந்த பெயின்ட் மோட்டார்க் காலில் படக்கூடாது.

முதல் ஓட்டம் எங்கே, எப்படி?

அலை உடையும் கரையிலிருந்து இறக்காதீர்கள். பழவேற்காடு ஏரி போன்ற நீர்நிலையிலோ, முகத்துவாரத்துக்கு உட்பட்ட காயலிலோ, காற்றெழும் முன் காலையில் இறக்குங்கள். மோட்டாரை ஓடவிடும் முன் அரைமணி நேரம் கட்டிவைத்து, எங்கே நீர் ஊறுகிறது என்று உள்ளே பாருங்கள். பிறகு குறைந்த வேகத்தில் பத்து நிமிடம். நீர்த்தாரையைப் பாருங்கள், சிலிண்டர் தலையின் சூட்டைக் கவனியுங்கள். மிதவைச் சட்டை ஆளுக்கொன்று, துடுப்பு, நங்கூரம், நீர் இறைக்க வாளி, மாற்றுப் பிளக், பிளக் ஸ்பேனர் இல்லாமல் கரையை விட்டு நகர வேண்டாம். தனியாகவும் போகாதீர்கள்.

திரும்பியதும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டி, எரிபொருள் ஓஸைக் கழற்றி, கார்புரேட்டர் வற்றித் தானாக நிற்கும் வரை விடுங்கள். பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் பின்பலகை போல்டுகளை மறுபடி முடுக்கி, கியர் ஆயிலின் நிறத்தை ஒருமுறை பாருங்கள். மறுபடி வெளுத்திருந்தால் சீலை மாற்றிய பிறகுதான் அடுத்த ஓட்டம்.